நாற்பதாவது படி

அன்புள்ளவளுக்கு,

மகளும் குழந்தையும் நலம் என்று நேற்று போனில் சொன்னாய். நான் "ம்" மட்டும் கொட்டியதற்குக் கோபித்துக்கொண்டாய். பேசினால் எனக்கு இரைப்பது உனக்குக் கேட்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

காய்ச்சல் நுரையீரலில் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து ஐந்து மாதம் ஆயிற்றே, தேறிவிட்டேன் என்று நினைத்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கிரேன் ஓட்டும் கூண்டுக்குப் போகும் ஏணியில் நாற்பது படி ஏறியதும் வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போகவில்லை. முழங்கையால் கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

கீழேயிருந்து மேஸ்திரி, "என்னண்ணே, பாதி வழியில நின்னு காத்து வாங்குறீங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

வெல்டருக்குத்தான் புரிந்தது. ஏறி வந்து, என் பாதங்களைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தான். "கீழ பாக்காதீங்கண்ணே. நான் இருக்கேன்ல?" இறங்க அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து, "கிருமி போயிடுச்சு, தழும்பு போகல. இனிமே ஏணி ஏறவே கூடாது" என்றார். தழும்பு இன்னும் பரவுமா என்று கேட்டேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன். வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

இப்போதெல்லாம் குளிக்கும்போது கதவைத் தாழிடுவதில்லை.

பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அப்படியே எழுதியும்விட்டேன்; பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்