நான் எந்த நாள் சீன சூப் காய்ச்சினேன்?

கிண்ணியா
14.05.1981

அன்பு மகன் கலீலுர் றஹ்மானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் தங்கச்சி அசனாவும் நல்ல சுகம், நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் கொதிக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மேலே உன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன், இன்னொரு தரம் வாசித்துப் பார்.

கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து உன்னை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்த அரபு நாட்டில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற பெரிய சீனச் சாப்பாட்டுக் கடை, ஆனால் அதில் பேருக்கும் ஒரு சீனன் இல்லையாம், அதனால் கண் கொஞ்சம் சின்னதாக இருக்கிற உன்னைப் பிடித்து, சட்டையில் லீ என்று தகடு குத்திவிட்டானாம் மனேஜர். அந்தக் கண் வாப்பாவின் மலாய்க்கார உம்மாவிடமிருந்து உனக்கு வந்தது, அவனுடைய கடைக்கு விளம்பரம் செய்ய வந்ததல்ல. இபுறாஹீம் நபியின் பட்டப் பெயர் என்று மூத்தவாப்பா ஆசையாக வைத்த பெயரை, மீனுக்குத் தலையும் வாலும் வெட்டுகிற மாதிரி வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் வைத்திருக்கிறான். இது போதாதென்று, சூப்பைக் கொண்டுபோய் வைக்கும்போது எங்கள் உம்மா வீட்டில் இப்படித்தான் காய்ச்சுவார் என்று சொல்ல வேண்டுமாம், நீயும் சொல்கிறாயாம், கேட்டவர்கள் அசல் சீனச் சாப்பாடு என்று மெச்சிக் குடிக்கிறார்களாம். மகன், நான் எந்த நாள் சீன சூப் காய்ச்சினேன்? என்னைக் கேட்காமல் என்னைச் சீனத்தியாக்க அவன் ஆர்?

வாப்பாவோ நீ அனுப்பிய படத்தைத் தேத்தண்ணிக் கடையெல்லாம் கொண்டு திரிகிறார். பெயரில் என்ன இருக்கிறது, பொடியன் முன்னுக்கு வந்துவிட்டான் என்கிறார். அப்படியென்றால் ஸெய்னுதீனில் தீனை வெட்டிவிட்டு உங்களை வெறும் ஸெய்னு என்று கூப்பிடட்டுமா என்றேன். படத்தை என் கையில் தந்துவிட்டுத் தொழப் போய்விட்டார்.

மனம் ஆறாமல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, துறை கடந்து, திருகோணமலையில் சீனப் பல் டொக்டரிடம் போனேன். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவர்தான். நீ வாய் வீங்கிக் கிடந்தபோது அவருடைய மனைவி இஞ்சியும் மீனும் போட்டு வெள்ளையாக ஒரு கஞ்சி காய்ச்சித் தந்தாள், நீ இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தாய். அசல் எது என்று உன் நாக்குக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். படத்தில் நீ ஏந்தி நிற்கிற சிவப்புச் சூப்பைப் பார்த்து, தக்காளிச் சோஸைத் தண்ணீரில் கரைத்ததா என்று டொக்டர் சிரித்தார். தகட்டை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“லீ எண்டது எங்கட அம்மாட குடும்பப் பேர்,” என்றார். “ஆரைக் கேட்டுக் குடுத்தவங்கள்?”

அவருடைய மனைவி மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, பிள்ளை நல்லாய் மெலிந்துபோனான் என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கும் ஏலாது, வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தகட்டைக் கழற்றி மனேஜரின் மேசையில் வை. திரும்பக் குசினிக்கு அனுப்பினால் போ. கோப்பை கழுவினாலும் கலீலாகக் கழுவு. உன் உம்மா என்ன காய்ச்சுவார் என்று ஆராவது கேட்டால், மீன் ஆணம், புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று உண்மையைச் சொல்லு, அதில் உனக்கு என்ன வெட்கம்.

வேளைக்குத் தொழு, வெயிலில் தலையை மூடிக்கொள், நன்றாகச் சாப்பிடு, அந்தச் சிவப்புத் தண்ணீரை மட்டும் குடிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான வழியையும் தரட்டும். பதில் எழுதும்போது உறையில் உன் பெயரை முழுதாக எழுது. லீ என்று வந்தால், அப்படி ஒருவரை நான் பெறவில்லை என்று சொல்லித் தபால்காரர் சரீபிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கலீலுர் றஹ்மானைப் பெற்ற உம்மா,
சுபைதா