ஒட்டாத ராட்டினம்

உப்பளம்,
ஆடி மூன்றாம் வெள்ளி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அமிர்தவல்லி எழுதுவது. இங்கே நானும் நலம், உங்கள் மகள் தாமரைச்செல்வியும் நலம், அவள் கட்டிய பிளாஸ்டிக் குழாய் ராட்டினமும் நலம். மஸ்கட் வெயிலில் நீங்களும் உங்கள் முன்கோபமும் எப்படி இருக்கிறீர்கள்? தாமரை பேரை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். காகிதம் அப்படிக் கட்டாகாது பாருங்கள். நாலாவதோடு நின்ற என்னை இவ்வளவு எழுத வைத்துவிட்டீர்கள். லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் கூட்டாளி ஹரிகிருஷ்ணன் கையில் இந்தக் கடிதத்தோடு முறுக்கும் கொடுத்திருக்கிறேன். முதலில் அதைத் தின்னுங்கள். வயிறு நிறைந்தால்தான் உங்களுக்குக் காது கேட்கும்.

தாமரை இப்போது பீச் பக்கத்துக் கடை ஒன்றுக்கு நூல் பை பின்னிக் கொடுக்கிறாள். நூல் உருண்டையாக வராது, பெரிய மாலை மாதிரி சிட்டமாக வரும். ஒருத்தர் அதை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு உட்கார, இன்னொருத்தர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். உட்காருகிற ஆள் யார்? நான்தான். சாமியிடம் வரம் கேட்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு இருப்பேன். சரியாக அப்போதுதான் மூக்கு அரிக்கும். என் மூக்கைப் பார்த்து ஊரே சிரிக்கும், இவள் சிரிக்க மாட்டாள். சேதராப்பட்டில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து வந்த நாள் முதல் எதிரே உட்கார்ந்து நூலைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் என் தோள் நடுங்குவதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் மாடிக்குப் போய், நீங்கள் வேலை முடித்துப் போட்டு வைத்திருந்த குழாய்த் துண்டு, டீ, எல்போ என்று குழாய் மூட்டுகள் எல்லாவற்றையும் இறக்கினாள். உங்கள் ஆக்ஸா பிளேடையும் எடுத்தாள். காலால் மிதித்துக்கொண்டு அறுத்தாள். நானா சும்மா இருப்பேன்? “ஏண்டி, உங்கப்பா ஒருத்தர் குழாய் மாட்டினது போதாதா?” என்றேன். அவள் அடுத்த குழாயை மிதித்தாள்.

கீழே கூட்டல் குறி மாதிரி கால். நடுவில் ஒரு கம்பம். கம்பத்தின் மேல் கொஞ்சம் பெரிய குழாயைத் தொப்பி மாதிரி கவிழ்த்து, அதிலிருந்து நாலு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் மேலே பார்த்து ஒரு விரல். பார்க்க அழகுதான். ஆனால் சிட்டத்தை மாட்டி இழுத்தால் அசையவில்லை! பிளம்பர் மகளாயிற்றே, தொப்பி முதற்கொண்டு எல்லா ஜாயின்ட்டுக்கும் சொல்யூஷன் பசை தடவி, சொட்டு ஒழுகாமல் ஒட்டிவிட்டாள். இடிதாங்கி மாதிரி நின்றது. நான் சொன்னேன், “மோட்டாரைப் போடுடி, மாடிக்குத் தண்ணியாச்சும் ஏறட்டும்.”

சிரித்தாள். ஆமாங்க, நம் தாமரை சிரித்தாள். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன்.

அப்புறம் ஒட்டினதை அறுத்துப் போட்டுவிட்டு, ஒட்டாமல் இன்னொன்று கட்டினாள். கழன்று விழாதா என்று கேட்டேன். “இதுல தண்ணியா ஓடப் போவுது? ஒட்டாமலே நிக்கும்மா. பத்தலன்னா கழட்டி வேற மாட்டிக்கலாம்” என்றாள். சின்னச் சிட்டத்துக்குக் குட்டைக் கை, பெரியதற்கு நீளக் கை, மாற்றி மாற்றி மாட்டுகிறாள்.

நீல நூலை மாட்டி நுனியை மெல்ல இழுத்தாள். யாரும் தொடவில்லை, அதுவாகவே திரும்பித் திரும்பிக் கொடுத்தது. வீராம்பட்டினம் தேருக்குப் போனால் குடை ராட்டினம் சுற்றுமே, அதே. வெயில் பட்டு, குழாய் கண்ணுக்குத் தெரியாமல் போய், நூல் மட்டும் வட்டமாக மிதந்தது. நீங்கள் குப்பை என்று போட்ட குழாய்ங்க அது! எனக்கு வாய் மூடவில்லை. எனக்கும் பேச்சு வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே போய்க் குங்குமம் எடுத்து வந்து கம்பத்துக்குப் பொட்டு வைத்தேன். கேலி பண்ணாதீர்கள்.

இன்னும் ஒன்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது என்று அவள்தானே உங்களிடம் சொன்னாள்? வந்த அன்று நான்தான் எண்ணெய் போட்டு நீவினேன். எந்த பாத்ரூமும் கையில் அஞ்சு விரலைப் பதிக்காது. அந்தக் கையால்தான் இவ்வளவும் அறுத்தாள்.

ஆடிக்கு அழைத்து வந்தோம் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆவணி பிறந்ததும் அனுப்பி வைக்கிறேன் என்று சம்பந்தியிடம் நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களாம். வாக்கு பெரிதுதான். எனக்கும் தெரியும்.

ராட்டினத்தின் தலை மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. “அப்பா இருந்தா ஒரு நிமிஷத்துல நிறுத்திடுவாரு” என்றாள், பிறகு திரும்பிக்கொண்டு நூலைச் சுற்றினாள். எனக்குக் குழாய் வேலை தெரியாது. ஆவணிக்கு முன்னால் அவளுக்கே போன் போட்டு, ஆட்டம் எங்கே என்று கேளுங்கள். அதை மட்டும் கேட்டால் போதும், மீதியை அவள் சொல்லுவாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை மட்டும் வைத்துவிடாதீர்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

செங்கழுநீர் அம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

நீட்டின கையோடு,
உங்கள் அமிர்தவல்லி