சும்மா இருக்கும் சுவிட்ச்

கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் ஒரு டீச்சர் வீட்டில் இன்று சுவர் சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே இரண்டு வயர்களும் ஒன்றாக முறுக்கப்பட்டு, மேலே சிவப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி கொஞ்சம் மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்தவன் உரிக்க வசதியாக அப்படி மடிப்பவன் நீ ஒருவன்தான். நீ செத்து எட்டு மாதமாகிறது.

நாம் சேர்ந்து வயரிங் வேலை செய்த காலத்தில், துணிக்கடை முதலாளி வீட்டில்தான் இதைத் தொடங்கினாய். போனில் இயக்கும் புது பல்புகளுக்கு எப்போதும் கரண்ட் வர வேண்டும். வீட்டார் பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்தால் பல்பு போனுக்கு அடங்காது. அதனால் வயர்களை நேராக இணைத்துவிட்டு, சுவிட்சை வெறுமனே திரும்ப மாட்டினாய்.

"கழட்டிட்டு மூடி போட்டுருவோம்டா. ஆஃப்ல இருக்குன்னு நெனச்சு யாராச்சும் கைய வச்சா?" என்றேன்.

"செவுரு அசிங்கமா இருக்குன்னு முதலாளி கத்துவாரு. சும்மா தட்டிக்கிட்டு இருக்கட்டும். இவரு பெரிய இன்ஜினியரு," என்று சிரித்தாய்.

இரண்டு வாரத்தில் முதலாளியின் தம்பி அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி பல்பு ஹோல்டரைக் கழற்றினார். ஷாக் அடித்து விழுந்து கை முறிந்தது. நம் இருவரையும் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். முதலாளி வாய் திறக்கும் முன்பே நீ சொன்னாய்: "இவன் செஞ்ச வேல முதலாளி. தோட்டக்காட்டான், சொன்னா வெளங்காது."

நீ எங்கே பிறந்தாய்? புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில். கண்டிக்கு வந்ததும் ஊர் கேட்டவர்களிடம் 'டவுன்' என்றாய். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களை மட்டந்தட்டும் 'தோட்டக்காட்டான்' என்ற அந்த ஒரு சொல் போதும், முதலாளி வேறெதுவும் கேட்க மாட்டார் என்று உனக்குத் தெரியும். அவர் கேட்கவும் இல்லை. அதன்பிறகு நெடுநாள் கண்டியில் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

உன் சாவு வீட்டில் உன்னை நேர்மையானவன் என்றார்கள். நானும் பெட்டியைத் தூக்கினேன்.

டீச்சர் பின்னால் நின்று பார்த்தார். "இத ஆரு தம்பி செஞ்ச? எங்கட மகள் நேத்து இத ஆஃப் பண்ணிட்டுத்தானே பல்ப கழட்டின."

உன் பெயரை முழுதாகச் சொன்னேன்.

"எந்த ஊரு ஆளு?"

டேப்பை உரித்தேன். நீ மடித்த நுனி சுலபமாக வந்தது.

"தெரியாது டீச்சர்," என்றேன்.

நீ செய்ததற்கு உன் பெயர் போதும். முற்றத்தில் நீ சொன்ன அந்தச் சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் ஊரைச் சொல்லி இன்னொருவர் வாயில் அதை நான் எடுத்து வைக்க மாட்டேன்.