என் மேசையில் யானா

3 மார்ச், திங்கள்
மழையும் பனியும் கலந்து. வின்டர்தூர் ஸ்டேஷனில் பஸ் தவறியது.

செக் நாட்டுக் கிளையிலிருந்து எங்கள் சுவிஸ் தொழிற்சாலைக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் யானா. என் வயதுதான், ஐம்பத்து மூன்று. இரண்டு வாரம் என் மேசையில் நின்று வால்வு சோதிக்கப் பழக வேண்டுமாம். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவது, குமிழி வந்தால் கழிப்பது. இருபத்து மூன்று வருடமாக என் வேலை. ஏன் பழக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஷெஃபிடம் கேட்டேன். அங்கேயும் ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லது என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களுக்கு நடுவில் உடைந்த ஜெர்மன். சரி என்று நான் தலையை ஆட்டினால், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு நல்ல வால்வைக் கழிவுப் பெட்டியில் போடுகிறாள். ஆறு வால்வு போனபிறகு கட்டை விரலைக் காட்டத் தொடங்கினேன்.

வாங்க: வெங்காயம், செத்தல் மிளகாய், இவருடைய முழங்காலுக்குப் பூசுமருந்து.

4 மார்ச், செவ்வாய்
இவர்: "ஏன் பழக்கச் சொல்லுகினமெண்டு அவளைக் கேட்டனீரோ?"
"இல்லை."
"கேளுமன். வாயில்லையோ?"
வாய் இருக்கிறது. பதில்தான் வேண்டாம்.

5 மார்ச், புதன்
கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இந்த வேலை முழுக்க உங்கள் ஊருக்குப் போகிறதா என்று. யானா பாண் துண்டை மென்றுகொண்டே "நோ, நோ" என்றாள். இரண்டு தரம்.

வீட்டில் சொன்னேன். "பாத்தீரோ, நான் சொன்னனான்தானே," என்றார். அவர் ஒன்றும் சொன்னதில்லை. கோழிக் கறி வைத்தேன். நல்ல நித்திரை.

7 மார்ச், வெள்ளி
வெயில், பேருக்கு. யானா இன்று நிறையக் கதைத்தாள். எனக்கு விளங்கிய அளவில்:

– கம்யூனிஸ்ட் ஆட்சி மாறியபோது அவளுக்குப் பதினேழு. சதுக்கத்தில் எல்லாரும் வீட்டுக் கதவுத் திறப்புக் கோர்வையைக் குலுக்கி, போதும் போங்கள் என்றார்களாம். அவளும்.
– தொழிற்சாலைகளைச் சனத்துக்கே பிரித்துத் தருகிறோம் என்று பங்குக் கூப்பன் புத்தகம் கொடுத்தார்களாம். தகப்பன் தன்னுடையதை ஒரு கம்பனியை நம்பிக் கொடுத்தார். பிறகு கம்பனிக்காரனைக் காணவில்லை.
– தகப்பன் வேலை செய்த தொழிற்சாலைக்குப் புது டைரக்டர், பழைய கட்சிச் செயலாளர். "அதே ஆள், அதே கதிரை. சுவரில் படம் மட்டும் வேறு."
– பிறகு வெளிநாட்டுக்காரர் வாங்கினார்கள், மூடினார்கள். இப்போது அதே கட்டடத்தில் எங்கள் கம்பனியின் கிளை.
– அந்தக் காலம் வாழைப்பழத்துக்கு வரிசை. இப்போது எல்லாம் கிடைக்கிறது, மகளுக்கு பிராக் நகரில் ஒரு அறை மட்டும் கிடைக்கவில்லை. பழைய காலம்தான் நல்லது என்கிறாளாம் தாய். "அவளோடு சண்டை பிடிப்பேன். பயந்து பயந்து கதைத்ததை மறந்துவிட்டாள்."

என் ஊரைப் பற்றிக் கேட்டாள். "சண்டை," என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

10 மார்ச், திங்கள்
காலை இடைவேளை. யானா தாயோடு போனில். "நோ. நோ. நோ நோ." சொல்லச் சொல்லத் தலை மேலும் கீழும். பாவம் மனுஷி, எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறாயே என்று பகிடி விட்டேன். சிரித்தாள். அது இல்லை என்பதல்லவாம். அவர்களுக்கு ஆம் என்றால் "ஆனோ". பேச்சில் சுருக்கி "நோ". எங்கள் ஓம் மாதிரி.

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ புதன்கிழமை நான் கேட்டதற்கு?"

போனைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன். இந்தத் தொட்டியும் ஜூலையில் எங்களிடம் வருகிறது."

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. இடைவேளை முடிந்து தொட்டிக்குள் விட்ட கைக்குக் குளிர் தெரியவில்லை. பின்னேரம் வரை வால்வு பார்த்தேன்.

வீட்டில்:
"வேலை போகுதாம்."
"ஆர் சொன்னது?"
"யானாதான்."
"அண்டைக்கு இல்லையெண்டவள்?"
"ஓமெண்டுதான் சொன்னவள். எனக்குத்தான் விளங்கேல்லை."
டீவியை நிற்பாட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்பப் போட்டார்.

12 மார்ச், புதன்
ஷெஃப் கடிதம் தந்தார். ஜூன் கடைசியோடு சரி. வருத்தமாம். அவர் கை கொடுத்தார், நானும் கொடுத்தேன். வீட்டுக் கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இன்று எங்கள் முறை. மூன்று தரம் தோய்த்தேன், கர்ட்டின் உட்பட.

யானா கோப்பி வாங்கித் தந்தாள். இந்த வேலை தங்களிடமும் எத்தனை வருடம் நிற்குமோ என்றாள். பிறகு வேறொரு நாட்டுக்காரி தன் மேசையில் வந்து நிற்பாளாம். வந்தால் பழக்குவாயா என்றேன்.
"நோ," என்றாள்.
இந்த முறை விளங்கியது.

14 மார்ச், வெள்ளி
அவளுக்குக் கடைசி நாள். தனியே செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நிற்க வேண்டும். தனியே செய்வாள் என்று படிவத்தில் என் கையெழுத்து வேண்டுமாம்.

வேலை செய்யும்போது அவள் வாய் அசைந்தது. குனிந்து கேட்டேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. தமிழ்! நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தொட்டியில் அமிழ்த்திவிட்டு இருபது வரை எண்ணுவது என் பழக்கம். வெளியே சத்தம் கேட்கும் என்று எனக்கே தெரியாது. அதுவும் வேலையில் ஒரு பகுதி என்று நினைத்துப் பாடமாக்கியிருக்கிறாள்.

காலையில் நான் பார்த்து நல்லது என்று வைத்த வால்வு ஒன்றைத் திரும்ப எடுத்து அமிழ்த்தினாள். பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் ஒரு சின்னக் குமிழி. விரலால் துடைத்தாள், திரும்ப வந்தது. நான் பத்தோடு விட்டிருப்பேன். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் விட்டிருப்பேன் போல. என்னைப் பார்த்தாள், வால்வைக் கழிவுப் பெட்டியில் போட்டாள்.

கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.