ராஜாத்தியின் கடைவாய்ப் பல்

அன்பு மகன் விஜய்க்கு, ஆரம்பாக்கத்திலிருந்து உன் நைனா முனியன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஜமுனா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உன் அம்மா ராஜாத்தி நலமாக இல்லை, அதில் பாதிக்குக் காரணம் நீ. நம் வீட்டுப் போன் அவள் இடுப்பை விட்டு இறங்குவதில்லை, நான் வாயைத் திறந்தால் பிடுங்கிக்கொண்டு, ஒண்ணுமில்லடா கண்ணு நல்லா கீறேன்னு வைத்துவிடுகிறாள். ஜமுனா போனில் கூப்பிட்டால், வேலையில கீறேன் நைனான்னு நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து இன்று மஸ்கட் திரும்பும் வேலு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவளுக்கு வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல் சொத்தை. கிராம்புத் தைலம் வைத்தால் பல்லில் இருக்கும் பூச்சி செத்து விழும் என்று எவனோ பேசுகிற வீடியோவை நீ அனுப்பினாயே, அதைப் பார்த்து வைத்தாள். ஈறு வெந்ததுதான் மிச்சம். கன்னம் வீங்கி வலது கண்ணே மூடிக்கொண்டது. கும்மிடிப்பூண்டியில் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா பார்த்துவிட்டு, பூச்சின்னு ஒண்ணு கிடையாது பெரியவரே, உள்ள சீழ் புடிச்சிருக்கு, மாத்திரையில வீக்கம் வடியட்டும், வர்ற புதன்கிழமை எடுத்துடலாம், மறுபடி வீங்கினா கிழமை பாக்காம கூட்டியாங்க என்றது.

அன்றைக்கே நீ போனில், மேல் பல்ல புடுங்காதம்மா, கண்ணு பூடும், சகாதேவன் மாமாவுக்கு ஆச்சேன்னு சொன்னாயாம். இன்னாடா பேச்சு அது? சகாதேவன் கண் எப்படிப் போனது என்று நீ கண்டாயா? ஆடி மாதம் விறகு வெட்டப் போய்க் கருவேல முள் கண்ணில் ஏறியது. என் துண்டால் கண்ணைக் கட்டி நான்தான் ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன், இனி பார்வை வராது என்று அங்கேயே கையை விரித்துவிட்டார்கள். பல் பிடுங்கியது அதற்குப் பிறகு, பொங்கல் கழித்து, அதற்கும் நான்தான் கூடப் போனேன். அப்போது நீ அம்மா இடுப்பில் இருந்த பிள்ளை. முன்னே நடந்ததைப் பின்னே போட்டு ஊர் பேசுகிறது, கடல் தாண்டிப் போயும் நீ அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. புதன்கிழமை கிளம்பச் சொன்னால், வலி போச்சு, பல்லும் சரியாப் போச்சு, என் புள்ளையே வேணான்னுட்டான் என்று சொல்லிவிட்டு ஏரியில் இறங்கிவிட்டாள். இரண்டு கையும் சேற்றில் இறால் தடவும்போது, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில்தானே கடித்துக்கொண்டு நகர வேண்டும். பல்லு போனா பறிய எதுல கடிக்கிறது, கரையில குந்திக்கினு உன் மூஞ்சியப் பாக்கறதான்னு என்னைக் கேட்கிறாள். அவளுடைய பயமெல்லாம் அதுதான், உன் பேச்சு அதற்குத் தோதாகப் போய்விட்டது. பறி கடிப்பது முன்பல்லில், எடுக்கப்போவது கடைவாயில், புண் ஆறியதும் இறங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை. உனக்கு எத்தினி பல்லு கீது, நீ நியாயம் பேச வந்துட்டன்னு கிண்டல் வேறு. இன்று காலையில் கண்ணுக்குக் கீழே மறுபடி புடைத்திருக்கிறது, தலைப்பால் மறைக்கிறாள். பல்லை எடுப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, சீழை விட்டால்தான் மேலே ஏறி உயிருக்கே ஆபத்து என்று அந்தம்மா என்னிடம் தனியாகச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் படித்த கையோடு அவளைக் கூப்பிடு. சாப்டியா, தூங்கினியான்னு சுற்றி வளைக்காதே. நான் சொன்னது தப்பும்மா, இப்பவே நைனாகூட கிளம்புன்னு சொல். மாத்திரைச் சீட்டு, துண்டு எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன். நான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாதவள் உன் ஒரு சொல்லுக்கு எழுந்து வருவாள், எனக்கு ஆத்திரமே அதில்தான்.

நீ நல்லாயிரு, நீண்ட ஆயுசோடு இரு. வீடியோவில் சிரிக்கும்போது உன் கீழ்ப்பல் ஒன்று கறுத்துத் தெரிகிறது. அதையும் போய்க் காட்டு, தைலம் தடவிக்கொண்டு உட்காராதே.

இப்படிக்கு,
உன் நைனா முனியன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)