இனி லாந்தர் வராது, அப்பா

எப்போதும் என் இடப்பக்கம் உட்காரும் அப்பாவுக்கு,

லாந்தர் முடிந்துவிட்டது. அந்த வீடியோ கேமைத் தயாரித்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களாம். ஸ்டீபன் அண்ணன் கடையில் ஒரு மெயில் அனுப்பப் போன இடத்தில் படித்தேன். ஆறாவது பாகம் வரும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி வராது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மாவிடம் இத்தனை வருடம் அந்தப் பெயரையே எடுக்க முடிந்ததில்லை. உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

டப்பாவில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நம் மண்ணரைப் பகுதியில் யாரும் அதைச் சொன்னதில்லை. கையில் லாந்தர் விளக்கோடு ஒரு சுரங்கத் தொழிலாளி நடப்பான், அதனால் லாந்தர். சுரங்கம் இடிந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். விளக்கில் எண்ணெய் தீர்வதற்குள் ஒவ்வொருவராகத் தூக்கி மேலே கொண்டுவர வேண்டும். சுடுவதில்லை, அடிப்பதில்லை. அந்த விளையாட்டில் வேறு வேலையே கிடையாது.

உங்கள் வலது கையில் இரண்டு விரல்களைப் பனியன் கம்பெனியின் கட்டிங் மெஷின் எடுத்துக்கொண்ட வருடம் அது. நான் ஏழாவது படித்தேன். கட்டு பிரித்த பிறகும் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கட்டிங் மாஸ்டர் என்று ஊரெல்லாம் கூப்பிட்ட நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். அம்மா செக்கிங் வேலைக்குப் போய்விடுவார். பள்ளி விட்டு வந்தால் சோறு வைத்த தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டீபன் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, நம் லைன் வீட்டுக்கு எதிரே வீடியோ கேம் கடை போட்டிருந்தார். பையன்கள் மட்டும் போகிற இடம். நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன், அம்மா கண்டால் திட்டு விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தேடி நீங்களே எழுந்து வந்துவிட்டீர்கள். என்னை இழுத்துப்போகத்தான் வந்தீர்கள். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டீர்கள். சுரங்கத்துக்குள் யாரோ கூப்பிடுவதைக் கேட்டு, அந்தாளு எங்கே இருக்கிறான் என்று விசாரித்தீர்கள். ஸ்டீபன் அண்ணன், வாங்க அண்ணாச்சி, நீங்களே போய்ப் பாருங்க என்று விளையாட்டை இயக்கும் பிடியை நீட்டினார். சட்டைப்பைக்குள் விட்ட கையை நீங்கள் வெளியே எடுக்கவில்லை. நான் போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். உங்கள் இடது கை ஆளை நடத்தியது, என் வலது கை தூக்கியது. ஒரு பிடியை இரண்டு பேர் பிடித்து விளையாடுவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பையன்கள் சிரித்தார்கள். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. நீங்கள் உடன் இருந்ததால் ஒரு பெண் பிள்ளை அங்கே உட்காருவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. முதல் பாகம் முடிந்தது. பனிமலையில் நடக்கிற இரண்டாம் பாகம் வந்தது. நீங்கள் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தது அந்தப் பனிமலையில்தான். திரையில் ஒரு குறுக்கு வழியைக் காட்ட, யோசிக்காமல் மிச்சமிருந்த விரலை நீட்டினீர்கள். நான் பார்த்தேன்.

மூன்றாம் பாகம் வந்தபோது திருப்பூரில் லாந்தர் இல்லாத கேம் கடை இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய ஊர், மாடியில் நிற்கும் மனிதர்கள். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன்கள் வரிசை கட்டி நின்றார்கள். லாந்தர் படம் போட்ட பனியன்கூட எங்கோ அடித்து விற்றார்கள். நன்றாக விளையாடுகிற பையன்கள் வேகமாக முடித்துவிடுவார்கள். நாம்தான் திரும்பத் திரும்பத் தோற்றோம். பாதிப் பேரைக் கொண்டுவந்தாலே அடுத்த கட்டம் திறந்துவிடும், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று ஸ்டீபன் அண்ணன் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

“உள்ள இன்னும் ஆளு கூப்பிடுதுங்களே, ஸ்டீபன். கேட்டுட்டே எப்படிங்க போறது?”

சிரிக்காமல் சொன்னீர்கள். ஸ்டீபன் அண்ணனும் சிரிக்கவில்லை. விளக்கு அணைகிறவரை நீங்கள் வெளியே வரவே மாட்டீர்கள்.

அப்போதுதான் நீங்கள் திரும்ப வேலை தேடத் தொடங்கினீர்கள். கட்டிங் வேலைக்குக் கை ஒத்துழைக்காது. ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில், வருகிற துணி உருளைகளுக்கு நம்பர் போட்டு அடுக்குகிற வேலை கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டீர்கள். சாயங்காலம் செருப்பில் நீலமோ சிவப்போ ஒட்டிக்கொண்டு வருவீர்கள். அம்மா முகத்தில் மறுபடி சிரிப்பு வந்தது. இந்த விளையாட்டுதான் உங்கப்பாவை எழுப்பி உட்கார வெச்சுது என்று அம்மாவே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. சாயக்கழிவுத் தொட்டியின் அடியில் சேறு கட்டியிருந்தது. அதை அள்ள ஒடிசாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இறங்கினார்கள். உள்ளே இருந்த விஷவாயுவில் இரண்டு பேரும் சுருண்டு விழுந்தார்கள். மேலே நின்றவர்கள் கத்தினார்கள். நீங்கள் குடோனிலிருந்து ஓடிவந்தீர்கள். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கித் தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினீர்கள். அவனை இழுத்துப் போட்டார்கள். ஏணியில் தலை தெரிந்தது, மூச்சு வாங்கினீர்கள், ஏறி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தார்களாம். மறுபடி இறங்கிவிட்டீர்கள்.

பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் அண்ணன் சைக்கிளில் வந்து நின்றார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் நிற்காமல் மிதித்தார்.

அன்று அழுதுகொண்டே அம்மா சொன்ன ஒரே வாக்கியம் இன்றும் எனக்குள் இருக்கிறது. “அந்தப் பாழாப்போன வெளையாட்டுதான் இந்த மனுசனக் குழிக்குள்ள எறக்கிருச்சு.” ஆமாவா அப்பா? விரல் போவதற்கு முன்னாலும் நீங்கள் இறங்கியிருப்பீர்களா?

பட்டறைக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். தொட்டியில் இறங்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லையாம். அந்த இரண்டு பேரும் தாங்களாகவே இறங்கினார்களாம். சம்பந்தமில்லாத நீங்கள் தடுத்தும் கேட்காமல் குதித்தீர்களாம். உயிரோடு மீண்ட தம்பி பிகாஷை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அண்ணனின் உடலுடன் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். வழக்கு போட்டோம். சாட்சி சொல்ல ஆள் இல்லை. வாய்தா வாய்தாவாகப் போனது.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது நான்காம் பாகம் வந்தது. வந்து பார்க்கிறாயா பாப்பா என்று ஸ்டீபன் அண்ணன் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குத் தெரியாமல் போனேன். பிடியை முதல்முறையாக இரண்டு கையாலும் நானே பிடித்தேன். எனக்கு அது பழகவே இல்லை.

அப்பா, அவன் கையிலிருந்த லாந்தரைப் பிடுங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். சுரங்கத்தில் இருந்தவர்கள் வெளுத்துப்போன பேய்களாக மாறியிருந்தார்கள். அவர்களைச் சுட வேண்டும், சுடச்சுடப் புள்ளிகள் ஏறும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் முதல் பாகத்தில் உதவி கேட்டுக் கூப்பிட்ட அதே குரலை எடுத்து, அந்தப் பேய்களின் வாயில் வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு குரலைப் பதிவு செய்யச் சோம்பலோ என்னவோ. இருட்டுக்குள்ளிருந்து நமக்குத் தெரிந்த அந்த ஆள் கூப்பிட்டான். பின்னால் நின்ற பையன், சுடுக்கா, சுடு என்றான். பிடியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன், வெகுநேரம் கழுவினேன்.

பையன்களுக்கு அது கொஞ்சநாள் பிடித்தது, பிறகு அலுத்துவிட்டது. சுடுவதற்கு அதைவிட நல்ல விளையாட்டுகள் இருந்தன. ஐந்தாம் பாகத்தை முடிக்காமலே அவசரமாக விட்டிருந்தார்கள். நடந்துகொண்டே இருக்கும்போது தரை விலகி ஆள் கீழே விழுவான், விழுந்துகொண்டே இருப்பான், திரை உறைந்துவிடும். யாரும் சீண்டவில்லை. ஸ்டீபன் அண்ணன் டிவிகளை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டு, கடையை பிரவுசிங் சென்டராக மாற்றிவிட்டார்.

கம்பெனி மூடிய செய்திக்குக் கீழே எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் தன் தம்பியோடு விளையாடியதை எழுதியிருந்தார். நானும் உங்களைப் பற்றி எழுத நினைத்தேன். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அடிக்கிறவள். அங்கே ஒரு வரிகூட வரவில்லை. அழித்துவிட்டு எழுந்தேன்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டிய பெரிய செய்தி இனிமேல்தான் இருக்கிறது.

போன மாதம் ஸ்டீபன் அண்ணன் ஒரு ஆளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஊருக்குப் போன் பேசக் கடைக்கு வந்தவராம். பேச்சு வாக்கில் சாயப்பட்டறை, அண்ணன், தொட்டி என்றதும் ஸ்டீபன் அண்ணன் விடாமல் விசாரித்திருக்கிறார். பிகாஷ்தான், அப்பா. ஊரில் பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்து, இப்போது ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை பார்க்கிறார். உங்கள் படத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே போய்விட்டார். கதவுக்குப் பின்னால்தான் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

கயிறு கட்டும்போது நீங்கள் அவரிடம் ஏதோ சொன்னீர்களாம். அரைமயக்கத்தில் இருந்த அவருக்கு அப்போது தமிழ் தெரியாது, சத்தம் மட்டும் காதிலேயே நின்றுவிட்டதாம். திரும்பி வந்து நாலு பேரோடு பழகித் தமிழ் கற்ற பிறகு ஒருநாள் அது தானாகப் புரிந்ததாம்.

“‘பயப்படாத கண்ணு, உங்கண்ணனக் கூட்டிட்டு வந்தர்றேன்.’ அப்படித்தான் சொன்னாரு, தங்கச்சி” என்றார் பிகாஷ். “கண்ணுன்னா வேற யாரோ பேருன்னு நெனச்சேன். என்னையத்தான் கூப்பிட்டாரு.”

இறங்காவிட்டால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டி சூப்பர்வைசர்தான் தங்களைத் தொட்டிக்குள் இறக்கினார் என்பதையும் சொன்னார். தன்னை மேலே இழுத்துப் போட்ட பிறகு நீங்கள் மறுபடி இறங்கியபோது உங்களை யாரும் தடுக்கவில்லையாம். கயிறு இழுத்தவர்கள்கூடத் தடுக்கிற அளவுக்கு அருகில் நிற்கவே இல்லையாம்.

அவர் போன பிறகு அம்மா அரிசி களைந்து உலை வைத்தார். பிறகு திரும்பாமலே கேட்டார். “அந்த வெளையாட்டுல உங்கப்பா எப்படி வெளையாடுவாரு?”

சொன்னேன். எண்ணெய் தீர்வது, பாதிப் பேர் போதும் என்று சொல்லியும் நீங்கள் வெளியே வராதது, நாம் தோற்றுக்கொண்டே இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. கல்யாணமான புதிதில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, வாந்தி எடுத்த யாரோ ஒரு பெரியவரோடு நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்களாமே? தன்னைப் பஸ்ஸிலேயே மறந்து விட்டுவிட்டதாக அம்மா சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது.

வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. பிகாஷ் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். இருக்கிற வேலையும் போகும் என்று பட்டறைக்காரர்கள் ஆள் அனுப்பி மிரட்டுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது என்றார், வருவேன் என்றும் சொன்னார். நாங்கள் ஜெயிப்போமா என்று தெரியவில்லை, வக்கீலே உறுதி சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்ல முடிவது இவ்வளவுதான். அன்று பிகாஷ் அந்தக் கூண்டில் தனியாக நிற்க மாட்டார். அவருக்கு வார்த்தை தடுமாறினாலும், எதிர்ப்பக்கத்து வக்கீல் குரலை உயர்த்தினாலும், அவர் சொல்லி முடித்து இறங்கும்வரை அவர் பார்க்கிற இடத்தில் நானும் அம்மாவும் நிற்போம்.

உங்கள் மகள்,
சுகந்தி