எடுத்த இடத்திலேயே விடுவது

நம் ஊர், செஞ்சி வழி
பங்குனி 12

அன்புள்ள தம்பி வாசுபூஜ்யனுக்கு,

அக்கா தர்மவதி எழுதுவது. நானும் இந்துமதியும் நலம். தெரு நலமாக இல்லை. ஓசூரில் நீ பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

கிராமசபையில் உன் அக்கா மானத்தை வாங்கிவிட்டாள் என்று உன் சூப்பர்வைசர் அன்புச்செல்வன் சொல்லியிருப்பான். மானம் எங்கே போனது என்று நான் சொல்கிறேன், கேள்.

நீ போட்ட குழாய் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. குழாயும் வந்து, தெருவோரம் சாக்கடைக்கு சிமென்ட்டும் போட்டபோது, என் தம்பி காண்ட்ராக்ட் எடுத்த வேலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். காலனிப் பெண்கள் இனி வயல் கிணறுகளுக்கு நடக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன். முதல் இரண்டு மாதம் தண்ணீரும் நன்றாகத்தான் வந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகுதான் நாற்றம். மோட்டார் போட்டதும் வருகிற முதல் குடம் கழுவிய தண்ணீர்போல இருந்தது.

குடிநீர்க் குழுவில் என்னோடு இருக்கிற ஜெயஸ்ரீயை உனக்குத் தெரியும், காலனியில் முதல் வீடு. சோதனை பாட்டிலில் அவள் தண்ணீர் பிடித்து வைத்தாள். கெட்ட தண்ணீர் என்றால் அது கறுத்துப்போகும். கறுத்தது. பாட்டில் பழசாகியிருக்கும் என்று சொல்லிவிட்டான் அன்புச்செல்வன். மறுபடி புது பாட்டில், மறுபடி கறுப்பு. வெயிலில் வைத்திருப்பீங்க என்றான். அதற்குள் அவள் மகள் அமலாவுக்கு மஞ்சள் காமாலை. செஞ்சி ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக்கிடந்த பிள்ளையை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்துவிடம் கணக்குப் படிக்க வருகிற பிள்ளை அது. பரீட்சை எழுத முடியாதே என்று என்னைப் பார்த்து அழுதது.

என் துணி விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும், துணியில் தங்கும் உயிர்களை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்று அம்மா நம்மை வளர்த்தாள். சின்னப் பையனாக நீதான் துணியை அலசிய செம்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவாய். மேலிருந்து கொட்டினால் அதுங்களுக்கு அடிபடும் என்பாய். செம்பு தண்ணீரைத் தொட்ட பிறகுதான் கவிழ்ப்பாய். இந்தக் குழாய் வந்ததிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். குழாயில் வந்ததை எங்கே விடுவது? நம் கிணற்றில் விட்டால் அது அந்தக் கிணற்று உயிர் இல்லையே. மழைக்குப் பிறகு துணியில் நூல்போலச் சிவப்புப் புழுக்கள் வேறு.

அதனால் தண்ணீர் தினத்துக் கிராமசபைக்கு அந்தப் புழுக்களைச் செம்பில் எடுத்துக்கொண்டு போனேன். வேலை முடிந்தது என்று குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய நாள். என் முறை வந்தது. இந்த உயிர்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. போர்வெல்லா, மேல்நிலைத் தொட்டியா, அதை மட்டும்தான் கேட்டேன். உன் அன்புச்செல்வன் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்து, இன்னாம்மா நீ, இது சாக்கடைப் புழும்மா, சாக்கடையில ஊத்திட்டு வாம்மா என்று கத்தினான்.

அத்தனை பேரும் கேட்டார்கள். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயஸ்ரீ எழுந்து, இந்தம்மா சாக்கடையில ஊத்திட்டு வந்துடும், எங்க புள்ளைங்க வயித்துல போனத நாங்க எங்க போயி ஊத்துறது என்று கேட்டாள்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பள்ளிக்கூட முக்கில், குழாய் சாக்கடையைத் தாண்டுகிற இடத்தில் போய்க் குனிந்து, கயிறு கட்டித்தான் இறக்கினேன். சபையே பின்னால் வந்தது. அப்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் நல்ல தண்ணீர் கொப்பளித்ததை ஜெயஸ்ரீதான் கையை நீட்டிக் காட்டினாள். உன் குழாயின் இணைப்பு சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது. மோட்டார் ஓடினால் அது வழியாக நல்ல தண்ணீர் வெளியே போகிறது, நின்றால் சாக்கடை உள்ளே போகிறது. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டுமா? சபைக்கு வந்திருந்த இன்ஜினியரும் அதையேதான் சொன்னார். பத்தடி தோண்டிக் குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோனால் சரியாகிவிடுமாம். வேலை சின்னது, வாசு. உன் வீம்புதான் பெரிது.

அன்று மாலையே போன் செய்து குதித்தாய். உனக்குத்தான் கிணறு இருக்குதே, காலனிக்காகத் தம்பிய விட்டுக்குடுக்கிறியா என்றாய். ஆமாம், காலனிக்காகத்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு புழுவுக்கு அடிபடக் கூடாதென்று கயிறு கட்டி இறக்கிய கை, பிள்ளைகள் வயிற்றுக்குள் சாக்கடையை இறக்கலாமா? அவசரத்தில் ஆட்கள் செய்த தப்பு என்றால் மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் மண்ணைப் போட்டு மூடு என்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் வைகாசியில் இந்து கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நிற்க மாட்டேன் என்றும் சொன்னாய். அன்று நான் அழுதேன். நம் நைனாவும் இல்லை, அவள் அப்பாவும் இல்லை, உன்னை விட்டால் எங்களுக்கு யார்? ஆனால் இந்து என்ன சொன்னாள் தெரியுமா? மாமா வரணும்னு கையெழுத்து மட்டும் போட்டுடாதம்மா என்றாள். கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். உன் இடம் காலியாக இருக்கும். பங்காளி வீட்டுப் பையனை நிறுத்தி அதை நிரப்ப மாட்டேன். மாமன் எங்கே என்று யார் கேட்டாலும் காரணத்தை மறைக்காமல் சொல்லுவேன்.

அதற்கு இடம் வைக்காதே. ஆட்களோடு வந்து தோண்டு. தோண்டி முடித்த அன்றே, பாட்டில் கறுக்காவிட்டால், என் கையெழுத்து உனக்குத்தான். வெயிலில் வருவாய், நாக்கு வறண்டிருக்கும். உன் தம்பி வந்தால் முதல் குடத்துத் தண்ணீரை அப்படியே ஒரு டம்ளர் கொடு அக்கா என்று ஜெயஸ்ரீ சொல்கிறாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் வடிகட்டாத தண்ணீரை உனக்குக் கொடுக்க என் கை வராது, தம்பி. உனக்குக் கொடுக்க முடியாத அந்தத் தண்ணீரைத்தான் தெருவே குடிக்கிறது.

அருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். சீக்கிரம் வா.

இப்போதைக்கு இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடும்
உன் அக்கா,
தர்மவதி